லாக் யார் கையில்? ரோல்பிளே சர்வரில் கிரீஃபரும் தலைக்கனம் பிடித்த ஹோஸ்ட்டும்

இரவு 11.42. ஜிடிஏ விளையாட்டின் லீஜன் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு கேரக்டர் டாக்சிக்காகக் காத்து நிற்கிறது. கருப்பு சுல்தான் கார் ஒன்று நடைபாதையில் ஏறி இடித்துத் தள்ளுகிறது. ஓட்டி வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து இன்னொரு முறை ஏற்றிவிட்டுப் போகிறார். ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் ஜிடிஏ ரோல்பிளேயில் இதற்கு விடிஎம் என்று பெயர், இப்படி வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுப்பவர் கிரீஃபர். காரணமே இல்லாமல் துப்பாக்கியால் சுட்டால் அது ஆர்டிஎம்.

அடுத்த ஒரு நிமிடத்தில் இடிபட்டவர் என்ன செய்கிறாரோ, அதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். சிலர் மருத்துவமனையில் எழுந்ததும் ஆயுதத்தோடு திரும்பிப் போய்ப் பழிவாங்குவார்கள். செத்து எழுந்த கேரக்டருக்கு முந்தைய சம்பவம் நினைவில் இருக்கக் கூடாது என்ற விதி இருக்கும் சர்வரில் அது மீறல். சிலர் ஆத்திரத்தில் கேமையே மூடிவிடுவார்கள், அது காம்பாட் லாக் (மோதலின் நடுவில் வெளியேறித் தப்புவது) கணக்கில் போய்ச் சேரும். கேரக்டரை விட்டு நேராகப் பேசும் ஓஓசி சாட்டில் திட்டித் தீர்ப்பவர்களும் உண்டு. மூன்றிலும் விளைவு ஒன்றுதான்: அட்மின் வரும்போது குற்றவாளிகள் இரண்டு பேராக இருப்பார்கள். கைதேர்ந்த கிரீஃபர் எதிர்பார்ப்பதும் இதையேதான்.

செய்ய வேண்டியது: கேரக்டரை விட்டு வெளியே வராதீர்கள். வீடியோ கிளிப்பைச் சேமியுங்கள். இடித்தவர் தலைக்கு மேல் தெரியும் ஐடியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜிடிஏ ரோல்பிளே சர்வர்கள் ஓடும் தளமான ஃபைவ்எம்மில் அந்த ஐடி ஒரு முறை இணைந்திருக்கும்வரை மட்டுமே செல்லும், வெளியேறித் திரும்பி வந்தால் வேறு எண் கிடைக்கும். 'ஐடி 47' என்று மட்டும் மறுநாள் சொன்னால் அட்மினால் ஒன்றும் செய்ய முடியாது. ஐடியோடு நேரமும் இருந்தால்தான் சர்வரின் பதிவேடான லாக்கில் தேடி அந்த ஆளின் நிலையான லைசென்ஸ் அடையாளத்தைப் பிடிக்க முடியும்.

நேரத்தில்தான் தமிழ் சர்வர்களில் அடிக்கடி குழப்பம் வருகிறது. சிங்கப்பூரிலிருந்து ஆடுபவர் 11.42 என்று எழுதுவார். எதிரில் இருந்தவர் சென்னைக்காரர், அவர் 9.12 என்பார். சர்வர் லாக்கோ பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், அதில் 15.42. மூன்றும் ஒரே நொடிதான். நேரத்துக்குப் பக்கத்தில் 'சிங்கப்பூர் நேரம்' என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும். இது தெரியாமல் 'அந்த நேரத்தில் லாக்கில் ஒன்றுமே இல்லை' என்று மூடப்பட்ட புகார் டிக்கெட்டுகள் ஏராளம்.

கிளிப் எடுக்கக் கேமுக்கு முன்பே ஏற்பாடு வேண்டும். என்விடியா கார்டு இருந்தால் இன்ஸ்டன்ட் ரீப்ளேயை ஓடவிட்டு ஆல்ட், எஃப்10 அழுத்தலாம். இல்லையென்றால் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் ரீப்ளே பஃபர். விண்டோஸ் கேம் பாரில் பின்னணிப் பதிவை முதலில் இயக்கி வைத்திருந்தால், விண்டோஸ் விசை, ஆல்ட், ஜி மூன்றையும் அழுத்தினால் கடைசி 30 நொடியைச் சேமிக்கும். 30 நொடி போதாது. இடிப்பதற்கு முன்னால் வாய்த்தகராறு நடந்ததா இல்லையா என்பதுதான் தீர்ப்பைத் தீர்மானிக்கும், அது 30 நொடிக்குள் விழுவதில்லை. இரண்டு நிமிடமாக மாற்றி வையுங்கள். 6 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிந்தால் இரண்டு நிமிடம் சுமார் 90 எம்பி வரும். பணம் கட்டாத டிஸ்கார்டு கணக்கில் அது ஏறாது, யூடியூபில் பட்டியலிடாத வீடியோவாகப் போட்டு இணைப்பைக் கொடுங்கள். வெட்டாமல் கொடுங்கள். தொடக்கம் வெட்டப்பட்ட கிளிப்பைப் பார்த்தால் நல்ல அட்மின் முதலில் சந்தேகப்படுவது புகார் கொடுத்தவரைத்தான்.

டிக்கெட் எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு ஒன்று: 'அண்ணா ஒருத்தன் சும்மா சும்மா அடிக்கிறான், பான் பண்ணுங்கண்ணா.' பான், அதாவது தடை, கேட்கும் இதை வைத்துக்கொண்டு அந்த அண்ணனால் என்ன செய்ய முடியும்? இதே புகார் இப்படி இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும்: 'இரவு 11.42, சிங்கப்பூர் நேரம். லீஜன் சதுக்கம், தெற்குப் பக்க நடைபாதை. ஐடி 47 கருப்பு சுல்தானில் இரண்டு முறை இடித்தார். முன்பின் பேச்சு இல்லை. விதி 3, விடிஎம். கிளிப் இணைத்திருக்கிறேன், சம்பவம் 1.20-ல் வருகிறது. போன பொருள்: ரேடியோ ஒன்று, 2,300 டாலர்.' இதில் கோபமும் இல்லை, பட்டப்பெயரும் இல்லை. என்ன தண்டனை தர வேண்டும் என்ற ஆலோசனையும் இல்லை.

மெட்டாகேமிங்கை நிரூபிப்பது இதைவிடக் கடினம். கேரக்டருக்குத் தெரிய வழியே இல்லாத ஒன்றை எதிராளி தெரிந்துவைத்திருந்தார் என்று காட்ட வேண்டும். ஒரு முறை நடந்தால் தற்செயல் என்று சொல்லித் தப்பிவிடலாம். மூன்று சம்பவம் சேரும்வரை பொறுத்திருந்து ஒன்றாகக் கொடுங்கள்.

இனி சர்வர் நடத்துபவர்கள் பக்கம்.

மைன்கிராஃப்ட் ரோல்பிளேயில் ஒருவர் ஊரையே கொளுத்திவிட்டுப் போனால் கோர்ப்ரொடெக்ட் பிளகின் பெரும்பகுதியை மீட்டுத் தரும், சரியாகப் பயன்படுத்தினால். முதலில் இன்ஸ்பெக்ட் கட்டளையை இயக்கி, உடைந்த இடத்தில் ஐந்தாறு கட்டங்களைத் தட்டிப் பாருங்கள். யார், எப்போது என்று வரும். பிறகு ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திருப்புவது. மூன்று இடங்களில் இது சொதப்பும். ஒன்று, ஆரம் குறிப்பிடாவிட்டால் அது 10 கட்டத் தூரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். பாதி வீடு திரும்பி வரும், மறுபாதி பள்ளமாகவே நிற்கும். இரண்டு, ஆளின் பெயரை மட்டும் கொடுத்தால் அவர் கையால் உடைத்தவை திரும்பும், தீ பரவி எரிந்ததும் டிஎன்டி வெடித்ததும் வேறு பெயரில் பதிவாகியிருக்கும். பெயரோடு தீயையும் டிஎன்டியையும் அவற்றுக்கான ஹேஷ் (#) குறியுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: பெட்டியிலிருந்து திருடியதை ரோல்பேக் செய்தால் பொருள் பெட்டிக்குத் திரும்பும், ஆனால் திருடியவர் கையிலும் அது அப்படியே இருக்கும். 64 வைரம் 128 ஆகிவிடும். அதனால் முதலில் ஆளை வெளியேற்றி, அவர் பையைக் காலி செய்துவிட்டு, அதன் பிறகு மீட்டெடுங்கள். எதையும் உண்மையாகச் செய்வதற்கு முன் பிரிவியூ போட்டுப் பார்ப்பது நல்லது. தவறிப் போனால் அன்டூ கட்டளை கடைசி ரோல்பேக்கைத் திருப்பிவிடும்.

பங்கீகார்டு போன்ற ப்ராக்சிக்கு (இணைப்புகளை வாங்கி அனுப்பும் இடைச் சர்வர்) பின்னால் மைன்கிராஃப்ட் சர்வர் வைத்திருப்பவர்கள் இன்றே ஒன்றைச் சரிபாருங்கள். பின்னாலிருக்கும் சர்வர் ஆன்லைன் மோட் (கணக்கு உண்மையானதா என்ற சரிபார்ப்பு) அணைக்கப்பட்டு ஓடும். அதன் போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருந்தால், யாரும் சொந்தமாக ஒரு ப்ராக்சியை வைத்து உங்கள் அட்மின் பெயரிலேயே உள்ளே வந்துவிடலாம். கடவுச்சொல் எதுவும் தேவைப்படாது. 'அட்மினே சர்வரை அழித்துவிட்டார்' என்று ஊர் நம்பும், அட்மினோ தூங்கிக்கொண்டிருப்பார். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை ப்ராக்சிக்கு மட்டும் திறந்து வையுங்கள், அல்லது வெலாசிட்டி என்ற ப்ராக்சிக்கு மாறி அதன் ரகசியச் சாவி முறையைப் பயன்படுத்துங்கள்.

மாட்களுக்கு (அட்மினுக்கு உதவும் மாடரேட்டர்கள்) ஓபி, அதாவது முழு இயக்க அதிகாரம், கொடுக்காதீர்கள். இயல்புநிலையில் ஓபி என்றால் 4-ஆம் நிலை, சர்வரையே நிறுத்தும் அதிகாரம். கிக், தற்காலிக பான், இன்ஸ்பெக்ட் இவ்வளவையும் லக்பெர்ம்ஸ் என்ற அனுமதிப் பிளகினில் ஒரு குழுவாகப் போட்டுக் கொடுத்தால் ஒரு மாட்டின் வேலைக்குப் போதும்.

ஃபைவ்எம்மில் பெரிய நாசம் பெரும்பாலும் மோசமாக எழுதிய ஸ்கிரிப்ட் வழியாகத்தான் வருகிறது. சரக்கு இறக்கும் வேலை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளையாடுபவரின் கணினி சர்வருக்கு 'இறக்கிவிட்டேன், 500 கொடு' என்று ஒரு ஈவன்ட் (செய்தி) அனுப்புகிறது. சர்வர் கண்ணை மூடிக்கொண்டு 500 கொடுக்கிறது. ஏமாற்று மென்பொருளான சீட் மெனு வைத்திருப்பவர் அதே ஈவன்ட்டை 500-க்குப் பதில் 5 கோடி என்று மாற்றி அனுப்புவார். ஒரே இரவில் பொருளாதாரம் முடிந்தது. அந்தப் பணத்தை அவர் ஊருக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுப்பதால் அப்பாவிகள் கணக்கிலும் அது இருக்கும், யாரைத் தண்டிப்பது என்றே தெரியாது. தொகையைச் சர்வர்தான் கணக்கிட வேண்டும். ஆள் உண்மையில் இறக்குமிடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாரா என்று சர்வரே தூரத்தை அளக்க வேண்டும், ஃபைவ்எம்மின் ஒன்சிங்க் வசதி இயக்கத்தில் இருந்தால் அது முடியும். கடைசியாகச் சம்பளம் வாங்கி எத்தனை நொடி ஆனது என்றும் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைத்த ஸ்கிரிப்டைப் போடுவதற்கு முன் அதன் சர்வர் கோப்பைத் திறந்து, பணம் கொடுக்கும் வரியில் தொகை எங்கிருந்து வருகிறது என்று மட்டுமாவது பாருங்கள்.

வானத்திலிருந்து விமானமும் கொள்கலனும் மழையாகக் கொட்டும் தாக்குதலுக்கு ஃபைவ்எம்மில் என்டிட்டி லாக்டவுன் என்ற தடுப்பு வசதி இருக்கிறது. 'ஸ்ட்ரிக்ட்' போட்டால் விளையாடுபவர் பக்கத்திலிருந்து எதுவுமே உருவாகாது, சாலையில் ஓடும் சாதாரண வண்டிகளும் மறைந்துவிடும். 'ரிலாக்ஸ்டு' போட்டால் போக்குவரத்து தப்பும், ஸ்கிரிப்ட் வழியாக வருவது மட்டும் தடுக்கப்படும். பழைய கராஜ் ஸ்கிரிப்டுகள் வண்டியை விளையாடுபவர் பக்கத்தில் உருவாக்குவதால் இரண்டிலுமே உடையும். முதலில் கராஜைச் சர்வர் பக்கம் மாற்றிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

ஐபி பான் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழக விடுதியோ கைத்தொலைபேசி இணைப்போ ஒரே ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்ளும். வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் அண்ணனைத் தடுத்தால் தங்கையும் சேர்ந்து வெளியே நிற்பாள். லைசென்ஸ், டிஸ்கார்டு, வன்பொருள் அடையாளம் இவற்றை வைத்துத் தடுங்கள். ஃபைவ்எம் நிர்வாகக் கருவியான டிஎக்ஸ்அட்மின் இதைத் தானாகவே செய்யும். சர்வரை வீட்டுக் கணினியில் நடத்தவும் வேண்டாம். பான் வாங்கிய ஒருவர் காசு கொடுத்து டிடாஸ் (பொய்ப் போக்குவரத்தைக் கொட்டி இணைப்பை முடக்கும் தாக்குதல்) அடித்தால் வீட்டில் உள்ள அனைவரின் இணையமும் சேர்ந்து போகும். சிங்கப்பூரிலேயே தரவு மையம் உள்ள, யுடிபி தாக்குதலை வடிகட்டித் தரும் விபிஎஸ் (வாடகைச் சர்வர்) எடுங்கள்.

தண்டனையில் என் நிலை தெளிவானது. புதியவரின் முதல் ஆர்டிஎம் பெரும்பாலும் அறியாமை. எச்சரிக்கை, பிறகு 24 மணி நேரம், பிறகு 7 நாள் என்று ஏறலாம். சீட்டுக்கும் இன வசைக்கும் படிகளே வேண்டாம், முதல் முறையே நிரந்தரம். பல இனத்தவர் ஆடும் சர்வர் என்றால் தமிழ் தெரிந்த மாட் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டப்படும் தமிழ் வசையை ஒரே சொல்லுக்கு ஐந்து விதமாக எழுதுவார்கள். வசைச் சொற்களைத் தானே தடுக்கும் ஆட்டோமாடில் ஐந்தையும் போட்டு வைக்க, அந்தச் சொல் தெரிந்தவரால்தான் முடியும்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. கிரீஃபர் ஒரு மணி நேரத்தைக் கெடுப்பார். சர்வரை நடத்தும் கெட்ட ஹோஸ்ட் மாதக்கணக்கில் உழைத்து வளர்த்த கேரக்டரை ஒரு கிளிக்கில் அழிப்பார், கேள்வி கேட்டால் சேனலிலிருந்தும் தூக்குவார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே என்பது என் உறுதியான எண்ணம்: தடம் இல்லாமல் ஒருவரால் என்ன செய்ய முடிகிறது என்பதுதான் கேள்வி. கிரீஃபரின் தடத்தை அட்மின் பார்க்கலாம். அட்மினின் தடத்தை யார் பார்ப்பது?

ஒரு சர்வரில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சோதித்துவிடலாம். விதிகள் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கின்றனவா? 'மரியாதைக் குறைவு' என்ற காரணத்தில் பான் நடக்கிறதா? பான் போட்டவரே அப்பீலையும் கேட்கிறாரா? போலிஸ் தலைவராகவோ கேங் தலைவராகவோ ஆடும் அட்மின், அதே ஆட்டத்தின் நடுவில் சுவர்களையும் தாண்டும் நோகிளிப்பில் பறந்து எதிர்க் கேங்கின் சரக்கு எங்கே என்று பார்க்கிறாரா? பணம் கட்டினால் பான் நீங்குமா? இதில் கடைசிக்கு 'ஆம்' என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். ரோல்பிளே சர்வர்கள் கேம் பணத்தை நிஜப் பணத்துக்கு விற்பதும் லூட் பாக்ஸ் (காசுக்கு வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டி) நடத்துவதும் கூடாது என்று ஜிடிஏவை உருவாக்கிய ராக்ஸ்டார் 2022 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஃபைவ்எம்மை உருவாக்கிய சிஎஃப்எக்ஸ் குழு 2023 ஆகஸ்டில் ராக்ஸ்டாரோடு சேர்ந்தது, அதனால் அந்த விதிக்குப் பின்னால் பலமும் இருக்கிறது. மைன்கிராஃப்டிலும் காசு கட்டியவருக்கு ஆட்டத்தில் சாதகம் தருவதற்கு எதிராக அதை உருவாக்கிய மொஜாங் 2014-லிருந்தே கறாராக இருக்கிறது.

தவறாக பான் வாங்கினால் அப்பீல் ஒரே ஒரு முறை, நான்கைந்து வரியில். எந்த விதி எண், எந்த லாக், எந்த நேரம் என்று கேளுங்கள், கிளிப்பை இணையுங்கள். வேறு அட்மின் பார்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. நான்கு நாள் பொறுங்கள். வார நாட்களில் பதில் வராததற்குச் சதி மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் அட்மின்களில் பலர் தேசிய சேவையில் இருப்பவர்கள், ஞாயிறு இரவு முகாமுக்குள் போனால் வெள்ளிதான் வெளியே வருவார்கள். வேறு கணக்கில் நுழைந்து ஆடாதீர்கள். வன்பொருள் அடையாளம் காட்டிக்கொடுக்கும், நியாயமான வழக்கும் அதோடு செத்துவிடும்.

நீங்களே ஹோஸ்ட் என்றால், உங்கள் கையைக் கட்டும் வேலையை நீங்களேதான் செய்ய வேண்டும். டிஸ்கார்டில் ஆடிட் லாக் 45 நாள்தான் இருக்கும், அதனால் அப்பீல் காலக்கெடுவை 30 நாளுக்குள் வையுங்கள். லாக் சேனலை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி உள்ளவருக்குச் சேனல் பூட்டு எதுவும் செல்லாது. வழி இதுதான்: கேமின் பான், கிக், நோகிளிப், பொருள் கொடுத்தது எல்லாவற்றையும் வெப்ஹுக் (தானாகச் செய்தி அனுப்பும் இணைப்பு) வழியாக இரண்டாவது டிஸ்கார்டு சர்வர் ஒன்றுக்கும் அனுப்புங்கள். அதன் உரிமையாளர் உங்கள் கேங்கிலோ உங்கள் நண்பர் வட்டத்திலோ இல்லாத ஒருவராக இருக்கட்டும். வெப்ஹுக் முகவரி கசிந்தால் யார் வேண்டுமானாலும் அந்தச் சேனலில் பொய் லாக் எழுதலாம், ஆகவே அது சர்வர் பக்கக் கோப்பில் மட்டும் இருக்க வேண்டும். டிஎக்ஸ்அட்மினில் ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். மாஸ்டர் கணக்கின் கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்தால் லாக்கில் ஒரே பெயர்தான் வரும், எது யார் செய்தது என்று கடைசிவரை தெரியாது. விபிஎஸ், டிஸ்கார்டு உரிமை, லைசென்ஸ் சாவி, டேட்டாபேஸ் நகல் நான்கும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. ஓ நிலைத் தேர்வு வந்து ஹோஸ்ட் இரண்டு மாதம் காணாமல் போனாலும் சர்வர் நிற்காது என்ற நன்மையும் இதில் இருக்கிறது.

ஹோஸ்ட்டின் பிடி விளையாட்டோடு நிற்காத நிலையும் உண்டு. ரோப்லாக்ஸில் ஐஎஸ்ஐஎஸ் பெயரில் நடந்த சர்வர்களில் சேர்ந்து, அங்கே கேமுக்குள் இருந்த 'தலைவருக்கு' விசுவாச உறுதிமொழியும் எடுத்து, பிரசாரகர் வேடமும் ஏற்ற 16 வயது மாணவர் ஒருவர்மீது 2023 ஜனவரியில் சிங்கப்பூர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. வேடம் என்ற பெயரில் ஹோஸ்ட் ஒருவர் நிஜமான வெறுப்பைக் கோருகிறார் என்றால், டிக்கெட் எழுதிக்கொண்டிருக்கும் கட்டம் அது இல்லை. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்ல வேண்டிய கட்டம்.

மிரட்டல்களில் அடிக்கடி வருவது, 'உன் ஐபி என்னிடம் இருக்கு, வீடு தெரியும்.' சர்வர் நடத்துபவருக்கு ஐபி தெரியும் என்பது உண்மை. அதை வைத்து இணைய நிறுவனத்தையும் ஊரையும் சொல்லலாம், ஈசூன் வட்டாரத்தில் எந்த புளோக், எத்தனையாவது மாடி என்று சொல்ல முடியாது. முகவரியும் பள்ளியும் வெளியே போவது பெரும்பாலும் நாமே பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்துதான். அவற்றைத் துன்புறுத்தும் நோக்கில் ஒருவர் வெளியிட்டால் அது குற்றம். சிங்கப்பூரின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் 2020-லிருந்து அதற்கு இடம் இருக்கிறது: 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டிடாஸ் அடிப்பது கணினி முறைகேட்டுச் சட்டத்தில் வரும், முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பான் வாங்கிய கோபத்தில் டிடாஸ் அடித்துத் தரும் 'பூட்டர்' தளத்துக்குக் காசு கட்டும் பையன்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். போலிஸில் புகார் கொடுப்பதென்றால் ஸ்கிரீன்ஷாட்டில் பயனர் பெயர் மட்டும் போதாது. பெயர் நொடியில் மாறும். டிஸ்கார்டில் டெவலப்பர் மோடை இயக்கி, அந்த ஆளின் நீண்ட எண் ஐடியையும் செய்தியின் இணைப்பையும் நகலெடுத்து வையுங்கள்.

கடைசியில் கிளம்புவதென்று முடிவானால், அறிவிக்காமல் கிளம்புங்கள். பிரியாவிடைக் கட்டுரை போட்டால் அது அழிக்கப்படும், கூடவே நீங்களும் தூக்கப்படுவீர்கள், நண்பர்களின் தொடர்பு அங்கேயே சிக்கிக்கொள்ளும். முதலில் உங்களோடு ஆடும் ஏழெட்டுப் பேரைத் தனிச் செய்தியில் நண்பர்களாகச் சேருங்கள். கேரக்டரின் கதை, அவருடைய ஊர், உறவு, கடன் எல்லாவற்றையும் உங்கள் கோப்பில் எழுதி வையுங்கள். டேட்டாபேஸ் ஹோஸ்ட்டுடையது, கதை உங்களுடையது. டிஸ்கார்டு அமைப்புகளில் அனுமதி பெற்ற செயலிகள் பட்டியலைத் திறந்து அந்தச் சர்வரின் செயலியை நீக்குங்கள். அவர்கள் இணையதளத்தில் பதிவு செய்தபோது போட்ட கடவுச்சொல்லையே வேறெங்கும் வைத்திருந்தால், அதை அன்றிரவே மாற்றுங்கள்.